யார் இந்த சுப்பராம தீட்சிதர்? கிட்டார் பழகுபவர்கள் ஏன் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கிட்டார் பழகிப் பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருந்திருக்கும். பிடித்த தமிழ்ப் பாட்டு ஒன்றின் டேப்பை இணையத்தில் தேடி எடுக்கிறீர்கள். எந்தக் கம்பி, எத்தனையாவது ஃபிரெட் என்று எல்லாமே எண்களாக வரிசையில் இருக்கிறது. ஒரு எண் தவறாமல் வாசிக்கிறீர்கள். ஸ்வரமெல்லாம் சரி. ஆனா பாட்டு வரல. பழைய கைப்பேசியோட ரிங்டோன் மாதிரி கேக்குது.

எனக்கு இது ஜோகூர் பாருவில், ஒரு கடைவீட்டு மாடியில் நடந்தது. வாரத்தில் ஒரு நாள் கிட்டார் வகுப்பு. நான் வாசித்ததைக் கேட்ட மாஸ்டர் எதுவும் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து, என் தாளில் இரண்டு எண்களுக்கு நடுவே சின்னதாக 'எச்' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டார். இன்னும் நாலு இடத்தில் 'பி' போட்டார். அவ்வளவுதான். அடுத்த முறை வாசித்தபோது அது பாட்டாக இருந்தது.

அந்த 'எச்' என்பது ஹாமர்-ஆன். வலது கையால் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு, மறுபடி மீட்டாமலே இடது கை விரலால் மேல் ஃபிரெட்டில் சுத்தியல் மாதிரி ஒரு தட்டு தட்டுவது. இரண்டாவது ஸ்வரம் அந்தத் தட்டிலேயே பிறக்கும். 'பி' அதற்கு நேர் எதிர்: புல்-ஆஃப். அழுத்திய விரலைக் கம்பியைச் சுண்டியபடி எடுத்தால் கீழ் ஸ்வரம் ஒலிக்கும். முதல் ஸ்வரத்தை நொடிகூட நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவினால் அது கிரேஸ் நோட். பிரதான ஸ்வரத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டி ஸ்வரம்.

இப்போது ஒரு கேள்வி. இந்த விரல் வேலைகளை நம் இசையில் ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி கொடுத்து, நூற்றுக்கணக்கான பாடல்களில் ஸ்வரம் ஸ்வரமாகப் போட்டு அச்சிட்டவர் யார்?

அவர் கிட்டாரைத் தொட்டதாகத் தெரியவில்லை. வாசித்தது வீணை. இருந்தது தமிழ்நாட்டின் தெற்கே எட்டயபுரம் என்ற சிறிய ஊரில். புத்தகம் வந்த ஆண்டு 1904. பெயர் சுப்பராம தீட்சிதர்.

தாத்தாவே அப்பாவானார்

கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் என்று தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரையும் பள்ளியில் படித்திருப்போம். அதில் முத்துசுவாமி தீட்சிதரின் கடைசித் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். இவர் 1786-ல் பிறந்தவர். இளவயதில் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள மணலியில் குடும்பம் தங்கியிருந்தபோது ஒரு வெளிநாட்டுக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டார். வெள்ளைக்காரர்களின் வாத்தியத்தை நம் இசைக்குக் கொண்டுவந்த ஆரம்பகால ஆட்களில் முக்கியமானவர் இவர்தான். இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியாது. அன்றைக்கு அது, தமிழ் வீட்டுப் பிள்ளை எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற மாதிரிதான் இருந்திருக்கும்.

பாலுசுவாமி பிறகு எட்டயபுரம் அரண்மனையின் வித்வானானார். அண்ணன் முத்துசுவாமியும் கடைசிக் காலத்தில் அங்கேயே வந்து, 1835-ல் தீபாவளி நாளில் இறந்தார். அவருடைய சமாதி இன்றும் எட்டயபுரத்தில் இருக்கிறது.

அதற்கு நாலு வருடம் கழித்து, 1839-ல், பாலுசுவாமியின் மகள் அன்னபூரணிக்குத் திருவாரூரில் ஒரு மகன் பிறந்தான். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்ரமணிய சர்மா. பையனுக்கு ஐந்து வயதிருக்கும்போது தாத்தா அவனை எட்டயபுரத்துக்கு அழைத்துவந்து, தன் மகனாகவே தத்தெடுத்துக்கொண்டார். இந்தப் பையன்தான் சுப்பராம தீட்சிதர்.

உறவு முறையில் இது கொஞ்சம் சுற்றும். அம்மாவைப் பெற்றவரே அப்பா. ஆனால் விஷயம் உறவு முறை மட்டும் இல்லை. தீட்சிதர் குடும்பத்தின் இசை முழுக்க அன்றைக்குச் சில பேருடைய தலைக்குள்ளும் விரலுக்குள்ளும்தான் இருந்தது. ஓலையில் பாட்டின் வரிகள் இருக்கும், ஸ்வரம்கூட இருக்கலாம். அந்த ஸ்வரத்தை எப்படி அசைப்பது, எங்கிருந்து தட்டுவது, எங்கே வழுக்குவது என்பது எந்த ஓலையிலும் வராது. அதை வாங்கிக்கொள்ள ஒரு வாரிசு வேண்டும். பெரியப்பா தாத்தா முத்துசுவாமியைச் சுப்பராமன் பார்த்ததே இல்லை. அவருடைய இசை தாத்தாவின் கை வழியாகத்தான் இவருக்கு வந்தது.

அரசரின் சந்தேகம்

வீணை, பாட்டு, தெலுங்கு, சமஸ்கிருதம் எல்லாவற்றையும் படித்தார். பதினேழு வயதில் தர்பார் ராகத்தில் ஒரு வர்ணம் போட்டார். அதைக் கேட்ட எட்டயபுரம் அரசருக்கு, இதைப் பையன்தான் போட்டானா, தாத்தா போட்டுக் கொடுத்தாரா என்று சந்தேகம் வந்துவிட்டதாகவும், உடனே இன்னொன்று போடச் சொல்லிச் சோதித்ததாகவும் ஒரு கதை உண்டு. பையன் தேறினான்.

1858-ல் பாலுசுவாமி காலமான பிறகு, இருபது வயதுகூட நிரம்பாத சுப்பராமர் அரண்மனை வித்வானாக அந்த இடத்துக்கு வந்தார். அடுத்த நாற்பது வருடங்களுக்கும் மேலாக அதுதான் அவருடைய வாழ்க்கை. வர்ணங்கள், கிருதிகள், அரசர்களுக்காகப் பாடல்கள், மாணவர்கள். அந்தக் காலத்து அரண்மனை வித்வான் ஒருவரின் வாழ்க்கை எப்படி இருக்குமோ அப்படித்தான்.

எட்டயபுரம் என்றதும் சிலருக்கு வேறொன்று ஞாபகம் வரும். 'எட்டப்பன்' என்ற பெயரே தமிழில் காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் வசைச் சொல்லாகிவிட்டது. 1799-ல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் கதையின் பாதிப்பு அது, சினிமா அதை இன்னும் ஆழமாகப் பதித்தது. அதே அரண்மனைதான் மூன்று தலைமுறை தீட்சிதர்களுக்குச் சோறு போட்டது, இந்தப் புத்தகத்துக்கும் செலவு செய்தது. வரலாறு படிக்கும்போது இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கண்ணை இழந்த ஒரு மனிதர்

சுப்பராம தீட்சிதரின் வாழ்க்கை திரும்பியது அவருடைய அறுபதாவது வயதை ஒட்டி. அதற்குக் காரணம் ஏ.எம். சின்னசாமி முதலியார் என்பவர்.

முதலியார் சென்னை அரசுச் செயலகத்தில் வேலை பார்த்தவர், எம்.ஏ. படித்தவர், கிறிஸ்தவர். மேற்கத்திய இசையை எழுதும் ஐந்து கோட்டு முறை அவருக்கு அத்துப்படி. நம் பாடல்களை அந்த முறையில் எழுதிவிட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், அழியாமலும் இருக்கும் என்று நம்பினார். 1890-களின் தொடக்கத்தில் சொந்தச் செலவில் அப்படி அச்சிடவும் ஆரம்பித்தார். பணம் கரைந்தது. கண் பார்வையும் போய்க்கொண்டே இருந்தது.

அவருக்கு வந்த சிக்கல், கடைவீட்டு மாடியில் எனக்கு வந்த அதே சிக்கல்தான். கோட்டில் புள்ளி வைத்தால் ஸ்வரம் வந்துவிடும். ஸ்வரங்களுக்கு நடுவில் நடப்பதை எங்கே எழுதுவது? மேற்கத்திய இசையிலும் இந்தப் பிரச்சினை இல்லாமல் இல்லை. பிரான்சில் கூப்பரன் 1713-லேயே தன் கீபோர்டு இசைப் புத்தகத்தில் அலங்காரக் குறிகளுக்கு ஓர் அட்டவணை சேர்த்து வெளியிட்டார். ஆனால் அங்கே அது மேல் அலங்காரம். நம்மிடம் கமகத்தை எடுத்துவிட்டால் ராகமே மிஞ்சாது.

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி தீட்சிதர் குடும்பத்திலேயே இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர், வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் போட்டு 'நோட்டுஸ்வர'ப் பாடல்கள் சிலவற்றைச் செய்திருக்கிறார். அதில் ஒன்று பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அவற்றில் கமகமே கிடையாது. கிட்டார் டேப்பில் வெறும் எண்களைப் போட்டாலே அப்படியே வந்துவிடும். அவருடைய மற்ற கிருதிகளை அப்படி வாசித்துப் பாருங்க, ஒன்னும் தேறாது.

முதலியாருக்கு, அந்தக் கமகங்களைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் தேவைப்பட்டார். எட்டயபுரத்தில் அவர் இருந்தார். பார்வை மங்கிய நிலையில், தன்னால் முடிக்க முடியாததை தீட்சிதர் முடிக்க வேண்டும் என்று முதலியார் கேட்டுக்கொண்டார், அரசரிடமும் வேண்டினார். குடும்பச் சொத்தைப் பொதுவில் வைக்க தீட்சிதர் முதலில் தயங்கினார் என்று சொல்வார்கள். தயங்கியிருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. குருவின் வீட்டில் வருடக்கணக்காக இருந்தால் மட்டுமே கிடைக்கும் ஒன்றை, விலை கொடுத்து வாங்கும் யாரும் பார்க்கும்படி அச்சில் போடுவது அன்றைக்குச் சாதாரண முடிவு இல்லை. அரசர் வற்புறுத்தினார். தீட்சிதர் எழுத உட்கார்ந்தார்.

புள்ளிகளும் கோடுகளும்

புத்தகத்தின் பெயர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'. 1904-ல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் அச்சானது. தெலுங்கு எழுத்தில், இரண்டு பெரிய பாகங்கள், சுமார் 1,700 பக்கம். 72 மேளங்களின் வரிசையில் ராகங்கள், அவற்றின் இலக்கணம், முத்துசுவாமி தீட்சிதரின் 229 கிருதிகள், மற்றவர்களின் பாடல்கள், பழைய வித்வான்களின் வாழ்க்கைக் குறிப்புகள். மேற்கத்திய இசைக்குறி தெரிந்த கே. நாகோஜி ராவ் குறியீடுகளுக்கு உதவினார்.

கிட்டார்காரர்கள் கவனிக்க வேண்டியது அந்தக் குறியீடுகளைத்தான்.

ஸ்புரிதம் என்று ஒன்று. ஸஸ ரிரி கக மம என்று ஜோடி ஜோடியாக மேலே போகும்போது, ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது ஸ்வரத்துக்கு, கீழ் ஸ்வரத்தை ஒரு கணம் தொட்டு நடுவிரலால் மேல் மெட்டில் அடிக்க வேண்டும். நம்ம ஹாமர்-ஆன் கிரேஸ் நோட்டேதான். இதற்கு தீட்சிதர் கொடுத்த குறி மூன்று புள்ளிகள்: கீழே இரண்டு, மேலே ஒன்று. ஜோடிகள் கீழே இறங்கி வரும்போது அதே வேலை தலைகீழாக நடக்கும், கம்பியைச் சுண்டி விரலை எடுக்க வேண்டும். அது பிரத்யாகாதம், புல்-ஆஃப்பின் அண்ணன். குறி? அதே மூன்று புள்ளிகள், தலைகீழாக: மேலே இரண்டு, கீழே ஒன்று. இதைவிடச் சுலபமாக யாரும் யோசித்திருக்க முடியாது.

கம்பிதத்துக்கு ஓர் அலைக்கோடு. ஒரே மெட்டில் விரலை வைத்துக் கம்பியை அசைப்பது, கிட்டாரில் வைப்ரேட்டோ என்பதன் பெரிய வடிவம். டேப்பிலும் வைப்ரேட்டோவுக்கு அலைக்கோடுதான் போடுகிறோம்.

ஜாருவுக்கு வாங்க. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவது. ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிய சாய்கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கிய சாய்கோடு. கிட்டார் டேப்பில் ஸ்லைடுக்கு என்ன போடுவோம்? அதே இரண்டு சாய்கோடுகள். இன்றைக்கு இணையத்தில் டேப் எழுதும் யாரும் எட்டயபுரத்துப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்க மாட்டார்கள். மேலே போவதற்கு ஏறும் கோடு என்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். இருந்தாலும் முதன்முதலில் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை.

ஒதுக்கல் என்பது ஒரு மெட்டில் விரலை வைத்துக்கொண்டே கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்த ஸ்வரத்தை வரவழைப்பது. புளூஸ் வாசிப்பவர்கள் பெண்ட் என்பார்கள். வளி என்பது இன்னும் கொஞ்சம் வட்டமாக இழுப்பது. ஓரிகை என்பது ஒரு ஸ்வரத்தின் வால் நுனியில் மேல் ஸ்வரத்தை லேசாகச் சுண்டிவிட்டுப் போவது. கிரேஸ் நோட் முன்னால் ஒட்டும், இது பின்னால் ஒட்டும். நொக்கு, ரவை, கண்டிப்பு என்று இன்னும் சில உண்டு.

பெயர்களைக் கவனித்தீர்களா? ஸ்புரிதமும் கம்பிதமும் பழைய சாஸ்திரப் புத்தகங்களில் வரும் சமஸ்கிருதச் சொற்கள். ஒதுக்கல், ஏற்றம், இறக்கம் எல்லாம் தமிழ் பேசும் வீணைக்காரர்கள் தினமும் வாயால் சொன்ன சொற்கள். தெலுங்குப் புத்தகத்துக்குள் அவற்றை அப்படியே விட்டிருக்கிறார். ஏட்டில் இருந்ததை மட்டும் எழுதாமல், வாசிக்கும் விரல் என்ன செய்கிறது என்று பார்த்து எழுதியதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம்.

குறிகளால் எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. அலைக்கோடு போட்டால், எத்தனை அசைவு, எவ்வளவு வேகம், எந்த ஸ்வரம் வரை என்பது அதில் இல்லை. இன்று கச்சேரியில் கேட்கும் சில ராகங்கள் புத்தகத்தில் உள்ளதிலிருந்து விலகியும் இருக்கின்றன. எது பழசு, எது சரி என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தை நடத்தவே இந்தப் புத்தகம்தான் வேண்டியிருக்கிறது.

கடைசி இரண்டு வருடங்கள்

புத்தகம் வந்தபோது தீட்சிதருக்கு வயது 65. அதோடு நிற்கவில்லை. அவ்வளவு பெரிய புத்தகம் ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கு உதவாது என்பதால், 1905-ல் தொடக்கப் பாடங்களுக்கென்று தனியாக ஒரு சிறிய புத்தகம் போட்டார். 1906-ல் இறந்தார்.

அந்தச் சமயத்தில் எட்டயபுரத்தில் பிறந்த இன்னொருவர் சென்னையில் பத்திரிகையில் இருந்தார். வயது 23. செய்தி கேட்டு தீட்சிதருக்கு ஓர் இரங்கல் கவிதை எழுதினார். பெயர் சுப்பிரமணிய பாரதி. தீட்சிதர் புத்தக வேலையில் மூழ்கியிருந்த காலத்தில் பாரதியும் அதே அரண்மனையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர்தான். பாரதியார் கவிதைத் தொகுப்பு வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அந்தக் கவிதை அதில் இருக்கும்.

புத்தகம் தெலுங்கு எழுத்தில் இருந்ததால் தமிழர்களில் பலருக்கு அது எட்டாமலே இருந்தது. இசை, பழைய வழியில், ஆள் மூலமாகவும் போய்க்கொண்டிருந்தது. மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்கு வந்து சொல்லிக் கொடுத்தார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் பின்னாளில் நீதிபதியான டி.எல். வெங்கடராம ஐயர், இன்னொருவர் டி.கே. பட்டம்மாள். 1936-ல் அம்பி தீட்சிதர் இறந்தார். சென்னை மியூசிக் அகாடமி 1961-ல் தொடங்கி, 'பிரதர்சினி'யைத் தமிழ் எழுத்தில் பாகம் பாகமாக வெளியிட்டது. இப்போது இணையத்திலும் படிக்கலாம். ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குத் தினமும் பேருந்தில் போய் வருபவர்கள், காஸ்வேயில் நெரிசலில் நிற்கும் நேரத்தில் ஒரு ராகத்தைப் புரட்டிவிடலாம்.

கிட்டாரில் செய்து பார்க்க

எல்லாரும் முதலில் கற்கும் மாயாமாளவகௌளையே போதும். ஐந்தாவது கம்பி, அதாவது 'ஏ' கம்பியில் 3-வது ஃபிரெட்டை 'ஸ' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ரி' 4-ல், 'க' 7-ல், 'ம' 8-ல் வரும். கீழே இருக்கும் 'நி' 2-ல்.

முதல் 'ஸ' சாதாரணமாக மீட்டுங்கள். இரண்டாவது 'ஸ'வுக்கு, ஆள்காட்டி விரலை 2-ல் வைத்து மீட்டிய அதே கணத்தில் நடுவிரலால் 3-ல் தட்டுங்கள். 2 தனியாகக் காதில் விழக்கூடாது, 3-க்கு ஒரு முனை கிடைத்த மாதிரி மட்டும் இருக்க வேண்டும். அடுத்து 'ரி' 4-ல் ஒரு முறை, பிறகு 3-லிருந்து 4-க்குத் தட்டு. 'க'வில்தான் சோதனை: 4-லிருந்து 7-க்குச் சுண்டு விரல் போக வேண்டும். வீணையின் 24 மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்பதால் கம்பியை இழுக்க அங்கே இடம் அதிகம். கிட்டாரில், அதுவும் தடித்த கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில், அந்தச் சுகம் இல்லை. மெல்லிய கம்பியாகப் பார்த்து மாட்டிக்கொள்ளுங்கள்.

மேலே போவது கைக்கு வந்ததும் மம கக ரிரி ஸஸ என்று இறங்கி வாருங்கள். இப்போது தட்டக்கூடாது, சுண்டி எடுக்க வேண்டும். எழுதி வைத்துக்கொள்வதாக இருந்தால் ஏறும் வரியில் எண்ணுக்கு மேல் மூன்று புள்ளி, இறங்கும் வரியில் அதையே தலைகீழாக. 'எச்'சும் 'பி'யும் போட்டாலும் விரல் செய்யப்போவது அதேதான்.